ஆசிரியர் கையில் கைப்பேசி எதற்கு?

(சூலக்கரையில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்தவர்கள் தலைப்பு ஒன்றும் கொடுக்கவில்லை. ஆயினும் தலைப்பு எனக்கு முன்னமே கிடைத்திருந்தது. நான் பணிபுரியும் ஊரில் நடந்த கிராம சபைக் கூட்டத்தில் முதியவர் ஒருவர் எழுந்து, "வாத்தியாருங்க எந்நேரமும் செல்லை நோண்டிக்கிட்டே இருக்காங்க. பிள்ளைகளுக்கு எப்பம்தான் பாடம் நடத்துவாங்க?" என்று கேட்டார். கூட்டத்தில் பலர் சிரித்தனர். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அன்று எனக்கு விடை சொல்ல வரவில்லை. இன்று சொல்ல முயல்கிறேன்.

அந்தக் கேள்வியை நான் அவமதிப்பாகக் கொள்ளவில்லை. அது நியாயமான கேள்வி. வகுப்பு நேரத்தில் கைப்பேசியில் வேடிக்கை பார்க்கும் ஆசிரியர் எவரேனும் இருந்தால், அவரைக் கண்டிக்கும் உரிமை ஊராருக்கு உண்டு. அத்தகையோர் எங்குமே இல்லையென்று சாதிக்க நான் வரவில்லை. ஆனால் அதே கருவியைக் கொண்டு ஆசிரியர்கள் மற்றொரு காரியமும் செய்து வருகிறார்கள். மாலையில், இரவில், விடுமுறை நாளில் செய்கிறார்கள். அது உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆசிரியர் ஆசிரியரிடம் கற்றுக்கொள்வதே அந்தக் காரியம்.

கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 5ஆம் வகுப்பு வரையுள்ள பள்ளியில் 60 குழந்தைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகள் ஐந்து, ஆட்கள் இருவர். ஒருவர் பயிற்சிக்குச் சென்றாலோ காய்ச்சலில் படுத்தாலோ, மீதமுள்ளவரே ஐந்து வகுப்புக்கும் அரசர், மந்திரி, சேவகர் எல்லாம். நகரத்து உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் அறை என்று ஒன்று உண்டு. அங்கே பத்துப் பேர் உட்கார்ந்து தேநீர் அருந்தும்போதே, "அந்தப் பாடத்தை எப்படி நடத்தினீர்கள்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள முடியும். எங்கள் பள்ளியில் உள்ளது ஒரு வேப்பமரம். அதனிடம் கேட்டால் அது ஒன்றும் சொல்லாது.

விவசாயி தனியாக உழுதாலும் தனியாகக் கற்பதில்லை. வரப்பில் நின்றபடியே அடுத்த புஞ்சையைப் பார்க்கிறார், அங்கே பயிர் எப்படி நிற்கிறது, எப்பொழுது களையெடுத்தார்கள் என்று கவனிக்கிறார், டீக்கடையில் கேட்கிறார். 2018ஆம் ஆண்டில் மக்காச்சோளத்தில் படைப்புழு புகுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதுவரை நம் நாட்டிலேயே இல்லாத புழு அது. இலையைச் சுரண்டிக் குருத்துக்குள் இறங்கும் அந்தப் புழுவைக் கண்டவர்கள் கைப்பேசியில் படம் பிடித்து அடுத்த ஊருக்கு அனுப்பினார்கள், "உங்கள் காட்டிலும் இப்படித்தான் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். அன்று யாரும் உங்களைப் பார்த்து, "விவசாயி செல்லை நோண்டுகிறார்" என்று குறை கூறவில்லை.

ஆசிரியரின் சங்கடம் என்னவென்றால், புஞ்சைக்கு வரப்புத்தான் உண்டு; வகுப்பறைக்கோ சுவர் உண்டு. இருபது ஆண்டு பணிபுரிந்த ஆசிரியர்கூட, மற்றோர் ஆசிரியர் பாடம் நடத்துவதைக் கண்ணால் கண்ட நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஜப்பான் நாட்டில் இதற்கென்றே ஒரு வழக்கம் நூறாண்டுக்கு மேலாக உள்ளது. ஓர் ஆசிரியர் பாடம் நடத்துவார். மற்றவர்கள் வகுப்பில் நின்று, குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து, எது விளங்கிற்று, எது விளங்கவில்லை என்று பேசுவார்கள். நமக்கு உள்ளது குறுவள மையக் கூட்டம். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரு சனிக்கிழமையன்று ஓரிடத்தில் கூடுகிறார்கள். அது நல்ல ஏற்பாடே. ஆனால் பிற்பகலுக்குள் சுற்றறிக்கைகளும் படிவங்களும் நேரத்தைத் தின்றுவிட்டால், "என் வகுப்பில் இது வரவில்லை, என்ன செய்வது?" என்று கேட்க வந்தவர் கேட்காமலே பேருந்து ஏறிவிடுகிறார்.

இந்தக் குறையை நிரப்ப ஆசிரியர்கள் தாங்களே வழி தேடிக்கொண்டார்கள். எவரும் ஆணையிட்டு அது நடக்கவில்லை. முதலில் வந்தது வலைப்பூ. ஒருவர் தம் அனுபவத்தை இணையத்தில் நாட்குறிப்புப்போல எழுதிவைப்பார். உலகில் எங்கிருந்தும் எவரும் அதைப் படித்துக் கீழே தம் கருத்தை எழுதலாம். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துக் கணித ஆசிரியர் சிலர் 2009ஆம் ஆண்டில் இப்படி ஒரு கணித வலைப்பூவைத் தொடங்கினார்கள். கணக்குகளையும் வினாத்தாள்களையும் மலையாளத்திலேயே விவாதித்த அந்தப் பக்கம், அந்த மாநிலம் முழுவதிலும் ஆசிரியர் கூடும் திண்ணையாயிற்று. கர்நாடகத்தில் 2011ஆம் ஆண்டு முதல், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களுக்குப் பாடவாரியாக மின்னஞ்சல் குழுக்கள் அமைந்தன. அங்கே கல்வித்துறையும் துணை நின்றது. ஒரு மாவட்டத்து ஆசிரியர் இரவில் கேட்ட கேள்விக்கு மறுநாள் காலையில் வேறொரு மாவட்டத்திலிருந்து கன்னடத்திலேயே விடை வந்தது.

நம் மாநிலத்தில் புதுக்கோட்டையைச் சொல்ல வேண்டும். தமிழாசிரியராகப் பணியாற்றிய கவிஞர் நா. முத்துநிலவன் "வளரும் கவிதை" என்ற பெயரில் வலைப்பூ எழுதிவந்தார். தாம் எழுதியதோடு நில்லாமல், தம் மாவட்டத்து ஆசிரியர்கள் பலரையும் கணினியில் தமிழ் எழுதப் பழக்குவதில் முன்நின்றார். 2015 அக்டோபர் 11ஆம் நாள் தமிழ் வலைப்பதிவர் திருவிழா புதுக்கோட்டையில் நடைபெற்றது. சென்னையிலும் மதுரையிலும் முன் ஆண்டுகளில் கூடிய அந்தத் திருவிழா அவ்வூருக்கு வந்தபோது, அதைத் தோளில் சுமந்தவர்களுள் ஆசிரியர்களே மிகுதி. கணினியைக் கண்டு மிரண்ட ஆசிரியைகள் சில மாதங்களில் தாங்களே கட்டுரை எழுதி வெளியிட்டார்கள் என்பது சாதாரணச் செய்தியன்று.

பிறகு முகநூலும் வாட்ஸ்அப்பும் வந்தன. வலைப்பூ எழுத உட்கார்ந்து யோசிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுத நின்றுகொண்டே முடியும். ஆகவே கூட்டம் அங்கே பெருகிற்று; ஆழம் சற்றுக் குறைந்தது. இது என் சொந்தக் கருத்து, மறுப்பவர்களும் உண்டு.

அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை. 2017 செப்டம்பர் 5 அன்று மத்திய அரசு ஆசிரியர்களுக்காக "தீக்ஷா" என்னும் இணையத் தளத்தைத் தொடங்கியது. 2018ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்கு வந்த புதிய பாடநூல்களில் கட்டம் கட்டமாகக் கறுப்பு முத்திரைகள் இருப்பதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் பார்த்திருப்பீர்கள். அதன்மீது கைப்பேசியைக் காட்டினால் அந்தப் பாடத்துக்குரிய படமும் விளக்கமும் திறக்கும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2023இல் "மணற்கேணி" வந்தது. இவையெல்லாம் பயன் தருவனவே. ஆயினும் இவை மேலிருந்து கீழே வரும் கால்வாய் நீர். நான் பேச வந்தது, பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் ஒரு வாளி தண்ணீர் கேட்டு வாங்கும் வழக்கத்தைப் பற்றி.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் 3ஆம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கழித்தல் கணக்குச் சொல்லித் தந்தேன். 52இல் 27ஐக் கழிக்க வேண்டும். பாதிப் பேர் 35 என்று எழுதினார்கள். எப்படி என்று பார்த்தால், 2இல் 7 போகாது என்றவுடன் அவர்கள் எண்ணைத் திருப்பிப் போட்டு, 7இல் 2 போக 5 என்று எழுதிவிட்டார்கள். பிறகு 5இல் 2 போக 3. ஆக 35. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று எனக்கு என் ஆசிரியர் சொல்லித்தந்த முறையிலேயே நானும் சொன்னேன். ஒரு வாரம் சொன்னேன். வாங்கினார்கள், மறந்தார்கள், மீண்டும் 35 என்றே எழுதினார்கள். என் குரல்தான் உயர்ந்தது.

அன்று இரவு ஆசிரியர் குழுவில் இதை எழுதினேன். உண்மையைச் சொன்னால், எழுதுவதற்கு வெட்கமாகவே இருந்தது. இத்தனை ஆண்டு பணிபுரிந்தவனுக்குக் கழித்தல் கற்பிக்கத் தெரியவில்லையென்று நாற்பது பேர் அறிய வேண்டுமா என்று தோன்றிற்று. எழுதிய கால் மணி நேரத்தில், கொங்கு நாட்டுப் பக்கம் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் பதில் எழுதினார். "ஐயா, கடன் என்ற சொல்லை விட்டுவிடுங்கள். கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா? இந்தக் கணக்கில் யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. என் வகுப்பில் ஒரு பையன் 'எப்ப டீச்சர் திருப்பிக் கொடுக்கணும்?' என்று கேட்டான். அன்று முதல் நான் 'கட்டைப் பிரி' என்று சொல்கிறேன்" என்பது அவர் பதில்.

விவசாயப் பெரியோர்களே, நீங்கள் சிரிக்கிறீர்கள். கடனுக்கு வட்டியும் உண்டென்பதை அறிந்தவர்கள் அல்லவா!

மறுநாள் ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டிவைத்தேன். 52 என்றால் ஐந்து கட்டு, இரண்டு உதிரி. இதில் 27ஐ எடுக்க வேண்டும். ஏழு உதிரி இல்லை. என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஒரு சிறுமி ஒன்றும் பேசாமல் ஒரு கட்டை எடுத்து நூலை அவிழ்த்தாள். பன்னிரண்டு உதிரி, அதில் ஏழை எடுத்தாள், மீதம் ஐந்து. நான்கு கட்டில் இரண்டை எடுத்தாள், மீதம் இரண்டு. 25. அவளைப் பார்த்து மற்றவர்களும் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார்கள். நான் ஒரு வாரம் அதட்டியும் வராதது அரை மணியில் வந்தது. காரணம், அதுவரை என்னைத் தடுத்தது ஒரு சொல். அது எனக்குத் தெரியாது. இன்னொரு வகுப்பில் இன்னொரு பையன் கேட்ட கேள்வியால் எனக்குத் தெரியவந்தது.

இங்கே ஒரு சிறு செய்தி. குழுவில் ஒருவர், "உங்கள் பக்கம் தீக்குச்சிக்கு என்ன பஞ்சம்? அதையே கட்டாகக் கட்டுங்களேன்" என்று எழுதியிருந்தார். நல்லெண்ணத்தோடு எழுதியதுதான். ஆனால் நான் ஈர்க்கையே எடுத்தேன். நம் வட்டாரத்துக் குழந்தைகளின் கையிலிருந்து அந்தக் குச்சியை வாங்கி வைப்பதற்கு எத்தனை ஆண்டு பாடுபட்டிருக்கிறோம்! தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகளை வைத்திருப்பதைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாறு வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென்று அதில் கூறியது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 14 வயது நிறையாதவரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக்கூடாது. 18 வயது வரை வெடிபொருள் தொழிலில் அமர்த்தக்கூடாது. அந்தக் குச்சி எங்கள் வகுப்புக்குள் கணக்குக் கருவியாகக்கூட வர வேண்டாமென்பது என் பிடிவாதம்.

இனி நான் சொல்லப்போவது சற்றுக் கனமான விஷயம். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஆசிரியர் தினத்தன்று நடந்த அந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். அங்கே இருபது பேர் அளவில் மாண்டனர். இவை நாடறிந்தவை. நாடறியாமல் ஒருவர் இருவராகப் போனவர்கள் வேறு. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும், ஏதோ ஒரு பள்ளியில் ஏதோ ஒரு குழந்தை பதினாறாம் நாள் கழித்து வகுப்புக்குத் திரும்பி வருகிறது. அந்தக் குழந்தையிடம் ஆசிரியர் என்ன பேசுவது? எங்கள் பயிற்சிக் காலத்தில் இதற்கென்று ஒரு பாடம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

எங்கள் பள்ளிக்கும் அப்படி ஒரு சிறுவன் வந்தான். 4ஆம் வகுப்பு. தாயை இழந்தவன். பேசமாட்டான், அழவும் மாட்டான். உணவு வேளையில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். நான் அவனருகே சென்று, "அம்மா சாமியிடம் போயிருக்கிறாள்" என்பதுபோல் ஏதோ சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லத் துணியவில்லை.

ஊரையும் பெயரையும் மறைத்துக் குழுவில் எழுதினேன். சாத்தூர்ப் பக்கத்து ஆசிரியை ஒருவர் எழுதவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டே பேசினார். அவர் வகுப்பிலும் அத்தகைய பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். "அவனை எதுவும் சொல்லச் சொல்லாதீர்கள். வழக்கமான இடத்திலேயே உட்காரவையுங்கள். தண்ணீர்க் குடம் நிரப்புவதுபோல் ஒரு சிறு பொறுப்பை அவனுக்கென்று கொடுங்கள். மற்றப் பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டு கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் பாட்டியை நீங்கள் போய்ப் பாருங்கள், அவர்களை வரச்சொல்லாதீர்கள்" என்றார். நாகப்பட்டினம் கடற்கரையில் 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பாடம் நடத்திய பெரியவர் ஒருவரும் இரண்டு வரி எழுதினார். அவருடைய மாணவர்கள் வாரக்கணக்கில் கடலையே வரைந்து வரைந்து கிறுக்கி அழித்தார்களாம். "உங்கள் பையன் எதை வரைந்தாலும் நிறுத்தாதீர்கள், ஏன் என்று கேட்காதீர்கள்" என்று எழுதியிருந்தார்.

நாகப்பட்டினத்துக் கடலுக்கும் நம் கரிசல் காட்டுக்கும் என்ன தொடர்பு? ஒரு கைப்பேசி அன்றி, அந்தப் பெரியவர் கற்றதை நான் எவ்வாறு கற்றிருப்பேன்? சிறுவன் வரைந்தான். மூன்று வாரம் ஒரே வீட்டை வரைந்தான். நான் கேட்கவில்லை. ஒருநாள் குடம் நிரப்பிவிட்டு வந்து, "சார், தண்ணி நிறைஞ்சிருச்சு" என்றான். அவன் திரும்பி வந்தபின் என்னிடம் பேசிய முதற்சொல் அது. அவன் இப்பொழுது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். அதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளரின் பிள்ளைகளது கல்விச் செலவை, உயர்கல்வி உட்பட, அரசே ஏற்கும் என்று 2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதலமைச்சர் அறிவித்தார். அந்தச் செய்தியும் எங்களை முதலில் எட்டியது குழுவின் வழியாகவே. கிராமத்தில் அத்தகைய பிள்ளை எவரேனும் இருந்தால், தலைமையாசிரியரோடு சேர்ந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிப்பது ஊர்ப் பெரியவர்களின் கடமை. குழந்தையின் மனத்துயரம் குறித்து ஆலோசனை வேண்டுவோர் பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்ற எண்ணைக் கூப்பிடலாம். குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098.

இந்தக் குழுக்களில் எல்லாம் நன்மையே என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். நான் ஒரு காலத்தில் பதினொரு குழுக்களில் இருந்தேன். காலை வணக்கப் படங்களும், ஊதியக் கணக்கும், சங்கச் சண்டையும், உண்மையென்று எவரும் சோதிக்காத வதந்திகளும் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தன. இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து வெளியேறினேன். அலுவலகச் சுற்றறிக்கைகளும் இரவு பகலென்று பாராமல் இதே வழியில் வருகின்றன. "இன்று மாலைக்குள் விவரம் அனுப்புக" என்று பகல் இரண்டு மணிக்குச் செய்தி வந்தால், ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுக் கைப்பேசியைத்தான் எடுப்பார். கிராம சபையில் பெரியவர் கண்ட காட்சி அநேகமாக இதுவே. அதற்கு ஆசிரியரை மட்டும் கடிந்து பயனில்லை.

மற்றொரு தீமை, ஆயத்தப் பாடக்குறிப்பு. எங்கோ ஒருவர் தம் வகுப்புக்கென்று எழுதியதை இறக்கி, பெயரை மாற்றி ஏட்டில் ஒட்டிவிடுவது. தஞ்சை வண்டலில் விளைந்த முறையை அப்படியே நம் மானாவாரிக் கரிசலில் போட்டால் என்ன விளையும் என்பது உங்களுக்குத் தெரியும். "எண்ணும் எழுத்தும்" திட்டம் 2022ஆம் ஆண்டில் வந்தபோது, குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னார்கள். கொரோனாக் காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, சிறு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. அதனால் ஒரே வகுப்பில் எழுத்தறியாதவரும் சரளமாகப் படிப்பவரும் சேர்ந்திருந்தார்கள். அந்த நிலையில், என் வகுப்பில் அரும்பு எத்தனை, மொட்டு எத்தனை என்று நான்தான் அறிய வேண்டும். அதை வேறு மாவட்டத்துக் காகிதம் சொல்லாது.

மூன்றாவது, குழந்தைகளின் புகைப்படம். நல்லது செய்தோம் என்று காட்டும் ஆசையில் குழந்தைகளின் முகத்தை ஊரறிய முகநூலில் போடுகிறார்கள். ஆசிரியர் மட்டுமல்லர், நன்கொடை கொடுப்போரும் கேட்கிறார்கள். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், இலவசக் காலணி வாங்கும் படத்தில் தன் மகன் நிற்பதை எந்தத் தகப்பன் விரும்புவான்?

சரி, ஊராட்சியால் ஆவது என்ன? 1958ஆம் ஆண்டில், பொதுக்கல்வி இயக்குநராக நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. நம் விருதுநகரில் பிறந்த காமராசர் அன்று முதலமைச்சர். ஊர் மக்கள் மேளதாளத்தோடு மணியும், பலகையும், நாற்காலியும், கடிகாரமும் கொண்டுவந்து பள்ளிக்கு அளித்தார்கள். இன்று மணியும் நாற்காலியும் இருக்கின்றன. அரசாங்கம் கையடக்கக் கணினியும் ஆசிரியர்களுக்கு அளித்துள்ளது. பல இடங்களில் இல்லாதது, அல்லது இருந்தும் பாதி நாள் வேலை செய்யாதது, இணைய இணைப்பு. ஆசிரியர் தம் சொந்தப் பணத்தில் போட்ட இணைப்பில், பள்ளி வாசலில் கையை உயர்த்திச் சமிக்ஞை தேடி நிற்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஊராட்சி அலுவலகம் வரை வந்த இணைப்பை நூறு கெஜம் நீட்டிப் பள்ளிக்குக் கொண்டுவர என்ன தடையென்று கிராம சபையில் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். சட்டம் அவ்வாறு வைத்துள்ளது. அந்தக் கூட்டத்தில் கட்டடம், கழிப்பறை, குடிநீர் பற்றியே பேசிக் கலைந்துவிடுகிறோம். அவை வேண்டியவையே. அவற்றோடு, "சென்ற மாதம் எந்தப் பாடம் பிள்ளைகளுக்கு வரவில்லை? அதை யாரிடம் கேட்டீர்கள்? என்ன சொன்னார்கள்?" என்று ஆசிரியரைக் கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் ஆசிரியரும் தேடுவார். வகுப்பு நேரத்தில் கைப்பேசி மேசை இழுப்பறையில் இருக்க வேண்டும், பாடத்துக்கு வேண்டும்போது மட்டும் வெளியே வர வேண்டும் என்று நீங்களும் ஆசிரியரும் சேர்ந்தே விதி செய்துகொள்ளலாம். எங்கள் பள்ளியில் அப்படித்தான் செய்திருக்கிறோம். அவசரச் செய்திக்கு என் இழுப்பறை திறக்காது. சத்துணவு நேரத்தில்தான் திறக்கும். இதனால் அலுவலகத்திலிருந்து இரண்டு முறை விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன்.

கிராம சபையில் கேள்வி கேட்ட பெரியவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், முதலிலேயே பார்த்துவிட்டேன். ஐயா, நாளை பிற்பகல் பள்ளி விட்டபின் வாருங்கள். குழுவில் வந்துள்ள செய்திகளை உரக்கப் படித்துக் காட்டுகிறேன். காவிரிப் படுகையைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் நான்கு நாளாக ஒரு கேள்வியைப் போட்டுவைத்திருக்கிறார். மண் வகைகளைப் பற்றிய பாடம் நடத்துகிறாராம். கரிசல் மண்ணிலுள்ள களி, ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்குவதால் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கிறது என்பது பாடத்தில் உள்ளது. "அந்த வெடிப்பு விவசாயிக்கு நல்லதா, கெட்டதா? புரட்டாசி விதைப்புக்கு அதை என்ன செய்வார்கள்?" என்று அவருடைய மாணவர்கள் கேட்கிறார்களாம். குழுவில் நாற்பது பேர் இருக்கிறோம்; ஒருவருக்கும் உழுது பழக்கமில்லை. நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன்.